கட்டிலுக்கும் டார்ச்சுக்கும் நடுவே

அந்தத் தெருவில் சோப்புத் தண்ணி அக்கா என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். அவள் சோப்பு விற்பவள் இல்லை, துணி துவைத்துக் கொடுப்பவளும் இல்லை. அறுந்த சங்கிலி, உடைந்த வளையல், கழன்ற கொக்கி என்று வெள்ளியில் எது வந்தாலும் பற்றவைத்துக் கொடுப்பவள். தினமும் காலையில் முன்னறைக் கதவைத் திறந்ததும் முதல் வேலையாக ஒரு கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து, தேய்ந்துபோன பல் பிரஷ்ஷால் தொட்டு, சிலிண்டர் வாயிலிருந்து தீ ஊதும் டார்ச்சின் கழுத்து வரைக்கும் ரப்பர் குழாய் முழுக்கப் பூசுவாள். குமிழி வந்தால் கேஸ் கசிகிறது என்று அர்த்தம். பதினொரு வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் குமிழி வந்தது. அன்றைக்கு அவள் போட்ட கூப்பாட்டில் எதிர்வீட்டுக்காரர் ஒரு கால் செருப்போடு ஓடிவந்தார். கடைசியில் பார்த்தால் ஒரு வாஷர் தேய்ந்திருந்தது. அந்த மனிதர் கடுப்பில் வைத்த பெயர்தான் இது. ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்.

சோப்புத் தண்ணியோடு நின்றாலும் பரவாயில்லை. நைலான் துணி உடுத்திக்கொண்டு டார்ச்சைத் தொடமாட்டாள், தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பாள். தலைமுடியை இழுத்துக் கட்டி, கண்ணாடி போட்டு, காலடியில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். ஒட்டிய நகையை வெளுக்கப் போடும் ஆசிட் தண்ணீருக்குத் தனி இடுக்கி. ஜன்னல் இரண்டு கதவும் விரியத் திறந்திருக்க வேண்டும். அதற்கு மேல் புகையை வெளியே இழுக்க ஒரு மின்விசிறி. மழை பெய்து சாரல் மேஜையில் அடித்தாலும் ஜன்னலை மூடமாட்டாள். "ஒரு வளையலை ஒட்டுறதுக்கு ராக்கெட் விடுற மாதிரி பண்றியே" என்று பக்கத்துத் தையல்கடைக்காரி கிண்டல் செய்வாள். இவள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

காரணம் உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்தது.

அவள் புருஷன் ஒரு காலத்தில் அந்த மேஜையில் உட்கார்ந்தவர். கை தேர்ந்தவர். இரண்டு வெள்ளி முனைகளைச் சேர்க்க நடுவில் வைக்கிற, வெள்ளியைவிடச் சீக்கிரம் உருகுகிற கலப்புத் துணுக்குக்குப் பட்டறையில் பொடி என்று பெயர். அவர் பொடி வைத்த இடத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, நகத்தை ஓட்டித்தான் பார்க்க வேண்டும். அப்போதும் பாதி நேரம் தட்டாது. பேச்சிலும் பொடி வைப்பவர்தான். "உங்க வளையல் உடையலம்மா, உங்க கிட்டேருந்து தப்பிக்கப் பாத்திருக்கு" என்று வாடிக்கையாளரிடமே சொல்லுவார். அவர்கள் சிரித்துக்கொண்டே மறுபடி வருவார்கள்.

ஒரு வருடம் சந்தையில் புதிதாக ஒரு பொடிக்கம்பி வந்தது. சூடு காட்டினால் போதும், வெண்ணெய் மாதிரி ஓடும். அதில் காட்மியம் என்ற விஷ உலோகம் கலந்திருக்கிறது என்று கம்பி விற்றவனும் சொல்லவில்லை, வாங்கினவரும் கேட்கவில்லை. அதன் புகைக்கு வாசனை கிடையாது, இருமல்கூட உடனே வராது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் ஜன்னலை மூடிக்கொண்டுதான் உட்காருவார்கள். காற்று அடித்தால் தீ நாக்கு ஆடும், வெளிச்சம் இருந்தால் வெள்ளி சிவக்கிற நிறம் தெரியாது. நிறம் தெரியாவிட்டால் நகை உருகிக் குண்டாகிவிடும். ஆகவே நகையைக் காப்பாற்ற ஜன்னலை மூடினார்கள். மழைக்கால வாரம் ஒன்றில் அவர் மூன்று நாள் தொடர்ந்து சங்கிலி பற்றவைத்தார். "காத்து வருது, அதை மூடு" என்றார். மூடியது அவள்தான். தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கமாக இருந்ததால் முழங்கையால் இடித்து மூடினாள். அது இன்றைக்கும் அவள் முழங்கைக்கு ஞாபகம் இருக்கிறது.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. மழைக் காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்தாள். காய்ச்சல் போயிற்று, மூச்சு முன்பு மாதிரி திரும்பவில்லை. அதன் பிறகும் அவர் இரண்டு வருடம் அதே கம்பியால்தான் பற்றவைத்தார், ஏனென்றால் அது நன்றாக ஓடியது. டாக்டர் ஒருவர் கேள்வி மேல் கேள்வி கேட்டுக் கடைசியில்தான் விஷயம் வெளியே வந்தது. "நுரையீரல் பஞ்சு மாதிரி இருக்கணும்மா. இவருக்குச் சாக்குத் துணி மாதிரி ஆயிடுச்சு" என்றார் அவர். சாக்கைத் திரும்பப் பஞ்சாக்க மருந்து உண்டா என்று இவள் கேட்டாள். டாக்டர் பேனாவை மூடினார்.

அன்றிலிருந்து டார்ச் அவள் கைக்கு வந்தது. நல்ல கம்பி, திறந்த ஜன்னல், சோப்புத் தண்ணி. பதினொரு வருடம் ஒரு சின்னத் தீக்காயம்கூட இல்லை. அவ்வளவு பத்திரமாக இருந்தவளுக்குத்தான் இது வந்தது.

போன மாதம் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது கூடவே ஒரு மெஷினையும் அனுப்பினார்கள். இடுப்பு உயரத்துக்கு ஒரு பெட்டி. காற்றை உள்ளே இழுத்து ஆக்சிஜனை மட்டும் குழாயில் விடும். கட்டில் பக்கத்தில் வைத்து, குழாயை அவர் மூக்கில் மாட்டிவிட்டு, மெஷின்காரர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். முன்னறையில் மேஜையையும் டார்ச்சையும் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"இது என்னக்கா?"

"நம்ம தொழில்."

அவர் பேசாமல் டேப்பை எடுத்துக் கட்டிலிலிருந்து மேஜை வரை அளந்தார். ஒன்பதே முக்கால் அடி. நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைதான்.

"பத்தடியாவது வேணும். அதுவும் நடுவுல சுவரும் கதவும் இருந்தா. இந்த வீட்டுல நெருப்பே வேணாம்க்கா. ஆக்சிஜன் தானா எரியாது, ஆனா எரியறது எதுவா இருந்தாலும் பத்து மடங்கா எரிய வைக்கும். போர்வையில ஒரு பொறி விழுந்தா அணைக்க நேரமே இருக்காது."

"கட்டிலைக் கால் அடி தள்ளிப் போட்டா?"

"தள்ளினா சுவத்துக்குள்ளதான் போகணும்."

"மெஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்திட்டு…"

"நிறுத்தினாலும் துணி, தலைகாணி எல்லாத்துலயும் ஊறிப்போய் இருக்கும். ஜன்னலைத் திறந்துவிட்டு அரை மணி நேரமாவது ஆறணும். அரை மணி நேரம் இவரு தாங்குவாரா? அந்த நினைப்பே வேணாம்."

அவள் அன்றே அடுப்பை மாற்றிக் கரண்ட் அடுப்பு வாங்கினாள். தீப்பெட்டியைக்கூடத் தையல்கடைக்காரியிடம் கொடுத்துவிட்டாள். மெஷின்காரர் சொன்னது ஒவ்வொன்றும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கட்டிலில் இருந்தவரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்றைத்தான் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

வேறு இடம் பார்க்கலாமே என்று சொல்பவர்கள் உண்டு. சொல்பவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போவார்கள். கரண்ட் போனால் மெஷின் நின்று கத்தும். ஓடிப்போய்க் குழாயைக் கழற்றிப் பக்கத்தில் நிற்கும் ஆக்சிஜன் சிலிண்டரில் மாட்ட வேண்டும். அவரால் அந்தத் திருகைத் திருப்ப முடியாது. அவள் வெளியே போனால் அவர் தனி. உள்ளே இருந்தால் தீ வைக்க முடியாது. ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர் தன் கரண்ட் சோல்டரிங் கம்பியை எடுத்துக்கொண்டே வந்துவிட்டார், தீயே இல்லாமல் ஈயத்தால் ஒட்டிவிடலாமாம். நல்ல மனசுதான். ஆனால் ஈயம் பட்ட வெள்ளியைப் பிறகு யாராவது சூடு காட்டினால் அந்த இடத்தில் ஈயம் வெள்ளியைத் தின்று ஓட்டை போட்டுவிடும். டீ கொடுத்து அனுப்பிவிட்டாள்.

கடைசியில் மிஞ்சியது வீட்டுக்குப் பின்னால் இருந்த திறந்த இடம். அங்கே கோடியில், சுவரோரம் ஒரு துணி துவைக்கும் கல். இருபத்தைந்து அடி தள்ளி இருந்ததால் மெஷின்காரரும் போனில் இழுத்து இழுத்துச் சரி என்றார். பழைய தகரப் பெட்டி ஒன்றைக் கல்லின் மேல் பக்கவாட்டில் சாய்த்துவைத்து, அதற்குள் செங்கல்லை வைத்து, முக்காலியில் உட்கார்ந்து டார்ச்சைப் பற்றவைத்தாள். முதல் நாளே வெயிலில் தீ கண்ணுக்குத் தெரியவில்லை. எரிகிறதா இல்லையா என்று குனிந்து பார்த்ததில் இடது புருவம் பாதி போயிற்று. பதினொரு வருடத்தில் முதல் காயம். மெல்லிய சங்கிலிகள் எப்படியோ ஒட்டின. தடித்தது எதுவும் ஒட்டவில்லை. வேலை குறைந்தது. வருகிறவர்களிடம் "இப்ப முடியாது" என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

அப்படித்தான் அந்த நர்ஸிடமும் சொல்லியிருப்பாள். சொல்ல விட்டால்தானே.

ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி அவர் பிழைப்பாரா என்று இருந்தபோது ஆக்சிஜன் முகமூடியைக் கையால் பிடித்துக்கொண்டே நின்ற பெண் அவள். வீட்டுக்குப் போகிற வழியில் புதுக் குழாய் கொடுத்துவிட்டுப் போக வந்தாள். போகும்போது பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தாள். உள்ளே இரண்டு வெள்ளி வளையல்கள், கெட்டிக் கம்பியில் செய்தவை. ஒன்று முழுசு. இன்னொன்று பற்று விட்டுத் திறந்துகொண்டிருந்தது.

"அம்மாவோடதுக்கா. நீங்க ஒட்டித் தருவீங்களாமே? அடுத்த வாரம் ஊருக்குப் போறேன். அவங்க பாக்கறதுக்குள்ள சரி பண்ணிடணும்."

ஒட்டுவதற்கு நெருப்பு வேண்டும் என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பசை வைத்து ஒட்டுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. இவள் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"வச்சுட்டுப் போம்மா. வெள்ளிக்கிழமை… வாங்கிக்க."

நர்ஸ் போனதும் இவள் திரும்பினாள். "என்னங்க இது? எப்படிப் பண்றதாம்?"

"அந்தப் பொண்ணுக்கு… இல்லைன்னு சொல்லாதே. கால் மணி நேர வேலை."

"உங்களுக்குக் கால் மணி நேரம். இப்ப எனக்கு?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் அவருக்கு மூச்சு வாங்கும் என்பதால் சண்டையில் எப்போதும் அவர்தான் ஜெயித்தார்.

வெள்ளி மற்ற உலோகம் மாதிரி இல்லை. ஒரு முனையில் சூடு காட்டினால் மறுமுனைக்கு உடனே சொல்லிவிடும். வளையல் முழுவதும் ஒரே சூட்டுக்கு வந்தால்தான் பொடி ஓடும். சின்ன டார்ச் ஒரு பக்கம் சூட்டைக் கொடுக்க, திறந்த வெளியில் காற்று மறுபக்கம் எடுத்துக்கொண்டே இருந்தது. புதன்கிழமை முயன்றாள். பொடி ஓடுவதற்காகப் பூசிய வெண்காரம் பொங்கி, காய்ந்து, கண்ணாடியானது. பொடி ஓடவில்லை, சின்னக் குண்டாகச் சுருண்டு முரண்டு பிடித்தது. ஆசிட் தண்ணீரில் போட்டு, தேய்த்து, மறுபடி ஆரம்பித்தாள். வியாழக்கிழமை தகரப் பெட்டிக்கு மேல் ஈரச் சாக்கைப் போட்டு இருட்டாக்கிப் பார்த்தாள். இளஞ்சிவப்பு வருவதுபோல் வந்து, ஒரு காற்று அடித்ததும் போய்விட்டது.

உள்ளறை ஜன்னல் பின்பக்கம்தான் திறக்கும். படுத்தபடியே அவர் டார்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது வரை அந்தச் சத்தத்தோடு வாழ்ந்தவர். இரைச்சலை வைத்தே தீ எவ்வளவு, தூரம் எவ்வளவு என்று சொல்லுவார்.

"காத்து… சூட்டைத் திருடுது" என்றார், அவள் உள்ளே வந்ததும்.

"தெரியும்."

"மேஜையில வச்சா… ஒரு ஊது."

"தெரியுங்க."

"மெஷினைக் கொஞ்சம்…"

"வாயை மூடுங்க!" என்று கத்திவிட்டாள். மூச்சுக்குப் போராடுகிற மனுஷனைப் பார்த்து வாயை மூடு என்று சொன்னோமே என்று பிறகு கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமல் வந்தது. முதுகைத் தடவிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆறு மணிக்கு வருகிறேன் என்று நர்ஸ் போன் செய்துவிட்டாள். நாலேகால் மணிக்குக் காற்று கொஞ்சம் அடங்கினாற்போல் இருக்க, அவள் பின்னால் கல்லுக்குப் போனாள். போகும்முன் அவரைப் பார்த்தாள். மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார்.

ஈரச் சாக்கைப் போட்டாள். தகரப் பெட்டியின் வாயைத் தன் முதுகாலேயே மறைத்துக்கொண்டாள். தீயைப் பெரிதாக்கி வளையலைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். அக்குளில் வேர்த்தது, சாக்கிலிருந்து ஆவி முகத்தில் அடித்தது. வளையல் சிவக்கத் தொடங்கியது. இதோ, இதோ என்று இருந்தபோது பொடி பளிச்சென்று மினுங்கி ஒரு பக்கத்து முனையில் மட்டும் பரவியது. மறுமுனையைத் தொடவில்லை. வெண்காரம் கருகிவிட்டது, இனி எவ்வளவு ஊதினாலும் ஓடாது. அவள் டார்ச்சை அணைத்தாள்.

அணைத்ததும்தான் ஏதோ குறைந்தது தெரிந்தது. ஒரு மாதமாக இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் இல்லை.

கரண்ட் போய்விட்டது என்று நினைத்து ஓடினாள். கரண்ட் போனால் மெஷின் கத்துமே, ஏன் கத்தவில்லை என்று பாதி வழியில் தோன்றியது. உள்ளே நுழைந்தபோது மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்குக் குழாய் சுவரில் ஆணியில் தொங்கியது. போர்வையையும் தலையணையையும் எடுத்து ஜன்னல் பக்கமாக எறிந்திருந்தார். எப்படித்தான் முடிந்ததோ. ஜன்னல் விரியத் திறந்திருந்தது. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோள் ஏறி ஏறி இறங்க, எதிர்ச்சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு நீலமாக இருந்தது.

"அரை மணி… ஆயிடுச்சு" என்றார். "மெஷின்காரன்… கணக்கு. போ. பத்த… வை."

அவள் மெஷின் மேல் பாய்ந்தாள். அவர் சுவிட்சின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். குரங்குப்பிடி. எங்கிருந்து வந்தது அந்த பலம் என்று தெரியவில்லை.

"இப்பப் போட்டா… அரை மணியும்… வீணு. போ."

அவளால் அந்தக் கையைப் பிய்த்து எடுத்திருக்க முடியும். எடுத்தால் விரல் உடையும்போல் இருந்தது. ஓடிப்போய் மேஜையில் வைத்து ஊதிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்தாள் என்பதை ஒளிப்பதற்கில்லை. வெண்காரம் பூசிக் காய வைத்து, பொடி வைத்து, சூடேற்றி, கால் மணி நேரம். அந்த உதட்டுக்குக் கால் மணி நேரம் இல்லை.

"பொடி ஓடிடுச்சுங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார்.

"சத்தியமாங்க. வெளியிலேயே ஓடிடுச்சு. இப்பத்தான். அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன்."

கை தளர்ந்தது. அவள் சுவிட்சைத் தட்டி, குழாயை ஆணியிலிருந்து பறித்து மூக்கில் மாட்டினாள். மெஷின் உறுமிக்கொண்டு தொடங்கியது. போர்வையை எடுத்துவந்து போர்த்தி, முதுகைத் தாங்கி உட்கார்ந்தாள். அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் போக வெகுநேரம் பிடித்தது. அவளுக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை, அவர் சட்டைத் தோளில் மூக்கைத் துடைத்தாள்.

"கொண்டா" என்றார் கொஞ்சம் மூச்சு வந்ததும். "பாக்கறேன்."

அவள் எழுந்து முன்னறைக்குப் போனாள். உடைந்தது பின்னால் கல்லின் மேல் கருகிக் கிடந்தது. மேஜையில் துணி முடிச்சுக்குள் அதன் ஜோடி, முழு வளையல், இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். கண்ணைத் திறந்து பார்க்க அவருக்குத் தெம்பில்லை. கட்டைவிரல் நகத்தை வளையலின் உள்பக்கம் ஓட்டினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று, மெதுவாக.

ஆசிட் தண்ணீரிலிருந்து வந்த வெள்ளி சுண்ணாம்பு பூசினதுபோல் சொரசொரப்பாக இருக்கும். இது ஒரு அம்மா கையில் வருடக்கணக்காகக் கிடந்து வழவழவென்று ஆகியிருந்தது. அது அவளுக்கு வளையலைக் கொடுத்த பிறகுதான் உறைத்தது.

"நல்லா வந்திருக்கு" என்றார்.

"ம்."

"தண்ணியில போட்டியா?"

"போட்டேன்."

அவர் வளையலை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். அது மூச்சோடு ஏறி இறங்கியது.

"அந்தப் பொண்ணு… எத்தனை மணிக்கு வரும்?"

"ஆறுன்னு சொன்னா."

அவர் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து பத்து. இன்னும் ஐம்பது நிமிடம். அரை மணி ஆறுவதற்கு, கால் மணி வேலைக்கு. அந்தக் கணக்கு போட அவளுக்கும் தெரியும். அவர் வலது கை போர்வைக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே வந்து, கட்டில் சட்டத்தைத் தடவிக்கொண்டு போய் மெஷின் சுவிட்சைத் தொட்டது.

அவள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள். அவள் கை இன்னும் டார்ச் சூட்டோடு இருந்தது, அவருடையது சில்லென்று இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. சுவிட்சின் மேல் இரண்டு கையும் அப்படியே இருக்க, இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.